மஞ்சள் பொறி

"வண்டி ஏன் நின்னுச்சுன்னு நீ கண்டுபிடிச்சா, செத்தவர் எழுந்து வந்துடுவாரா?"

பல வருடங்களுக்கு முன்னால் ஒரு லாரி டிரைவரின் மனைவி அவளிடம் இப்படிக் கேட்டாள். அப்போது அவள் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைப் பரிசோதிக்கிற வேலையில் இருந்தாள். கையில் இருந்த படிவத்தை நிரப்பிக்கொண்டு வந்துவிட்டாள். எதையும் சலித்துப் பார்க்காமல் விடமாட்டாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்குச் 'சல்லடை' என்று பெயர். அந்த வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியத் தொடங்கிய பிறகும் பெயர் கூடவே வந்துவிட்டது. அந்தக் கேள்வியும் வந்துவிட்டது.

இன்று காலை அவள் முன்னால் நின்றதும் அப்படி ஒரு வண்டிதான்.

கரும்பச்சை நிறக் கார். அறுபது வயதாவது இருக்கும். உருண்டையான இரண்டு விளக்குகள், நடுவில் பல்வரிசை மாதிரி வெள்ளிக் கம்பிகள். வீட்டின் பின்புறம் தகரக் கூரை போட்ட கொட்டகையில், முகம் பார்க்கிற அளவுக்குத் துடைத்து நிறுத்தியிருந்தார்கள். பக்கத்து ஆணியில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் தொங்கியது.

"நம்மளைவிட மூத்தவங்க போலிருக்கே. வணக்கம்மா" என்றார் கண்டக்டர், காரைப் பார்த்து.

கண்டக்டர் அவளுடைய உதவியாளர். முப்பத்தைந்து வருடம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர். வாய் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

அவர்களை வரவழைத்த அந்த வீட்டு மகன் சிரிக்கவில்லை. நாற்பது வயது இருக்கும். சவரம் செய்து பல நாள் ஆகியிருந்தது. சட்டையின் பொத்தான்களை ஒன்று தள்ளிப் போட்டிருந்தான். அதைச் சொல்ல அந்த வீட்டில் இப்போது ஆள் இல்லை.

"ஒன்பது நாளாச்சு மேடம்" என்றான். "வியாழக்கிழமை மத்தியானம் அம்மாவுக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி இங்கேர்ந்து பத்து நிமிஷம். ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நானே கொண்டு போயிடுவேன்னு அப்பா அவங்களை இதுல உக்கார வெச்சிருக்கார். கிளம்பல. இருபத்தஞ்சு நிமிஷம் முயற்சி பண்ணியிருக்கார். அப்புறம் வாடகைக் கார் வந்து, போற வழியிலேயே..."

அவன் காரின் கதவைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"அதுக்கு முந்தின திங்கட்கிழமைதான் மெக்கானிக் சர்வீஸ் பண்ணிக் கொடுத்திருக்கான். நாளைக்குக் காலைல போலீஸ்ல புகார் கொடுக்கப் போறேன். உங்க அறிக்கையும் அதோட போகணும். அவன் இனிமே ஒரு சைக்கிளைக்கூடத் தொடக்கூடாது."

"என் அறிக்கை என்ன சொல்லும்னு எனக்கே இன்னும் தெரியாதுங்க" என்றாள் சல்லடை. "அண்ணே, சாவியைப் போடுங்க."

கண்டக்டர் டிரைவர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். "இத்தனை வருஷத்துல இந்தப் பக்கம் உக்கார்றது இதுதான் முதல் தடவை. ரைட், போலாம்!"

செல்ப் அடித்தார். இன்ஜின் நன்றாகச் சுற்றியது. பேட்டரியில் குறையில்லை. ஆனால் பிடிக்கவில்லை. நான்கு சுற்றுக்குப் பிறகு பெட்ரோல் வாடை கொட்டகை முழுவதும் பரவியது, அதிலும் குறையில்லை. சல்லடை ஒரு பிளக்கைக் கழற்றினாள். அதன் ஒயரை மாட்டியபடியே, ரப்பர் பிடி போட்ட இடுக்கியால் இன்ஜினின் உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப அடிங்க."

பிளக்கின் நுனியில் பொறி தெரிந்தது.

"வருதே! வருதுன்னா கிளம்ப வேண்டியதுதானே?" என்றார் கண்டக்டர், கண்ணாடி வழியாகக் கழுத்தை நீட்டி.

"வருது. ஆனா மஞ்சளா, நூல் மாதிரி வருது. நல்ல பொறி நீலமா இருக்கும், டிக் டிக்குன்னு சத்தமே கேக்கும். இது ஊதினா அணைஞ்சுடும்."

"காய்ச்சல்ல படுத்தவன் 'இதோ வந்துட்டேன்'னு சொல்லிட்டுப் படுத்தே கிடப்பானே, அந்த மாதிரி."

"அதே மாதிரி."

பிளக்குக்கு மின்சாரத்தை ஏற்றி அனுப்புகிற காயிலைக் கழற்றி, தன் பெட்டியிலிருந்து ஒரு நல்ல காயிலை எடுத்து மாற்றிப் பார்த்தாள். பொறி மஞ்சளாகவே இருந்தது. ஒயர்களை மாற்றினாள். அப்போதும் மஞ்சள். கடைசியில், ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தாள்.

உள்ளே இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள். ஒவ்வொரு முறை அவை பிரியும்போதும் ஒரு பொறி பிறக்கும். அவற்றின் பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு உலோகக் குப்பி, ஒரே ஒரு ஸ்குரூவில் உட்கார்ந்திருந்தது.

"இதுதான் கண்டென்சர்" என்றாள் மகனிடம். "இது கெட்டுப்போனா பொறி இங்கேயே எரிஞ்சு தீந்துடும். பிளக்குக்குப் போறது மிச்சம் மீதிதான். இந்த ரெண்டு புள்ளிதான் பாயிண்ட், ரெண்டும் புதுசு. அதுக்குள்ள நுனியில சாம்பல் படிஞ்சிருக்கு பாருங்க. ஆனா லேசாத்தான். அதாவது, கெட்ட கண்டென்சர் இதுக்குள்ள வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கு."

அவள் அந்த ஸ்குரூவைக் கழற்றிக் குப்பியை உள்ளங்கையில் வைத்தாள். ஓரம் துருப்பிடித்திருந்தது. மேலே கூர்மையான எதனாலோ ஒரு பெருக்கல் குறி கீறியிருந்தது.

மகனின் முகம் சிவந்தது. "பாத்தீங்களா! வேலைச் சீட்டுல 'புது கண்டென்சர்'னு எழுதிட்டுக் குப்பைல கிடந்ததைப் போட்டிருக்கான். இதுக்கு மேல என்ன வேணும்?"

"இன்னும் கொஞ்சம் வேணும்." அவள் ஸ்குரூவை வெளிச்சத்தில் திருப்பினாள். தலையில் சிவப்புப் பெயின்ட்டின் ஒரு துளி, நடுவில் உடைந்து பாதிதான் மிச்சம். ஸ்குரூ டிரைவர் நுழைகிற வெட்டுக்குள் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. மூக்கருகே கொண்டுபோனாள்.

"என்ன வாசனை?" என்றார் கண்டக்டர்.

"குளிக்கிற சோப்பு."

"காரைக் குளிப்பாட்டறவங்க உண்டு. ஸ்குரூவையும் தனியாக் குளிப்பாட்டறாங்களா?"

"அண்ணே, யாருக்கும் தெரியாம ஒரு வண்டியை நிறுத்தணும்னா என்ன பண்ணுவீங்க?"

"ஒரு ஒயரை அறுத்துவிட்டுப் போய்க்கிட்டே இருப்பேன்."

"இங்க எதையும் அறுக்கல. உடைக்கல. வண்டியைச் சாகடிக்காம சோர்ந்துபோக மட்டும் வெச்சிருக்காங்க" என்றாள் சல்லடை. ஆணியில் தொங்கிய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். வண்டி வேலைக் குறிப்புகள். முதல் பாதி முழுவதும் அச்சடித்த மாதிரி நேரான எழுத்து. பிற்பாதியில் உருண்டையான சின்ன எழுத்து. நிற்கிற நிலையிலேயே நாலைந்து பக்கம் படித்தாள். பிறகு அதைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

மெக்கானிக்கின் பட்டறை இரண்டு தெரு தள்ளி இருந்தது. நான்கு வண்டி நிற்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. தரையில் எண்ணெய்க் கறைகள் மட்டும் வண்டிகளின் அளவில் படிந்திருந்தன. செய்தி பரவிவிட்டது போலிருக்கிறது. அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, ஏற்கனவே சுத்தமாக இருந்த ஒரு ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்களைப் பாத்ததும் எழுந்து ஓடலையே, நல்ல மனுஷன்" என்று முணுமுணுத்தார் கண்டக்டர்.

"அந்தக் கரும்பச்சைக் கார் விஷயமா வந்தோம்" என்றாள் சல்லடை.

"தெரியும்மா."

"வேலையில ஏதாவது தப்பு நடந்துச்சா?"

"நான் செஞ்ச வேலையில தப்பில்ல." அதோடு நிறுத்திக்கொண்டார். கோபம் இல்லை, சத்தியம் இல்லை. தன் பெயரில் நாளைக்குப் புகார் எழுதப்போகிறார்கள் என்று தெரிந்த மனிதர் இப்படிப் பேசி அவள் பார்த்ததில்லை.

"அந்தக் குட்டி ஸ்குரூ உள்ள விழுந்துட்டா எடுக்கறது கஷ்டமாச்சே. நீங்க எப்படிப் போடுவீங்க?"

மெக்கானிக் மேல்பையிலிருந்து ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து மேஜைமேல் கிடந்த ஸ்குரூவைத் தொட்டார். காந்தம். ஸ்குரூ தானாக ஒட்டிக்கொண்டு எழுந்தது. "இறுக்கினதும் ஒரு சொட்டு சிவப்புப் பெயின்ட் வைப்பேன். யாராவது கை வெச்சா அது உடைஞ்சு காட்டிக்கொடுத்துடும்."

"பொறி பலவீனமா இருக்கு. கண்டென்சர் வேலை செய்யல."

அவர் தலை குனிந்தார். துடைத்த ஸ்பேனரை மறுபடியும் துடைத்தார். "அந்தப் பழசைக் கழட்டிட்டீங்களா?"

"கழட்டிட்டேன்" என்றாள் சல்லடை மெதுவாக. "யார் மாத்தினாங்கன்னு தெரியுமா?"

மெக்கானிக் தெருவைப் பார்த்தார். "தெரியாதும்மா."

வெளியே வந்ததும் கண்டக்டர் ஆரம்பித்தார். "மேடம், டிக்கெட் வாங்காதவன்தான் ஜன்னலுக்கு வெளிய அவ்வளவு நேரம் பாப்பான். முப்பத்தஞ்சு வருஷ அனுபவம்."

"நான் கண்டென்சர் வேலை செய்யலன்னுதானே சொன்னேன்? பழசுன்னு சொன்னேனா?"

கண்டக்டர் நின்றுவிட்டார். "சொல்லல. அவர் புதுசு போட்டிருந்தா, புதுசு கெட்டுப்போச்சான்னுதானே கேட்டிருக்கணும்? அடேயப்பா! அப்ப இவர்தான். கேஸ் முடிஞ்சுது, வாங்க சாப்பிடப் போலாம்."

"காந்தம் வெச்சிருக்கறவர் எதுக்கு சோப்பு போடறார்? தன்னோட பெயின்ட்டைத் தானே எதுக்கு உடைக்கறார்? அவர் செய்யல அண்ணே. ஆனா அவருக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே? தலை போற விஷயம்."

"அதான் எனக்கும் புரியல" என்று சொல்லிவிட்டு அவள் வேகமாக நடந்தாள்.

பெரியவர் சமையலறை மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தார். ஒரு வரைபட அலுவலகத்தில் முப்பது வருடம் கோடு போட்டவர். எழுபத்தைந்து வயதில் அந்தக் கைகள் ஓயாமல் நடுங்கின. டீயை எடுத்து வாயருகே கொண்டுபோவதற்குள் பாதி மேஜையில் சிந்தியது.

"மேஜையும் டீ குடிக்கும் போல" என்று சொல்லிவிட்ட கண்டக்டர், அடுத்த நொடியே நாக்கைக் கடித்துக்கொண்டு துணியைத் தேடி எழுந்தார்.

பெரியவர் கோபித்துக்கொள்ளவில்லை. "அவ இருந்தா பாதி டம்ளர்தான் ஊத்துவா. ரெண்டு தடவையா ஊத்துவா."

சல்லடை நாற்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். "அந்த வியாழக்கிழமையைப் பத்திச் சொல்ல முடியுமா ஐயா?"

"புதன்கிழமையே மக்கர் பண்ணுச்சு. வெள்ளிக்கிழமை பட்டறைக்குப் போகலாம்னு இருந்தேன்." அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "பக்கத்துல உக்கார வெச்சேன். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா. நான் அடிக்கறேன், அடிக்கறேன், அது முனகுது, பிடிக்கல. 'இது கிளம்பாதுங்க'ன்னா. 'வேற வண்டிக்குச் சொல்லுங்க'ன்னா. மூணு தடவை சொன்னா. 'இது கிளம்பாதுங்க, என்னை நம்புங்க'ன்னா. எனக்குக் கோபம் வந்துடுச்சு. 'வாயை மூடிக்கிட்டு உக்காரு, உனக்கு என்ன தெரியும்'னு கத்திட்டேன்."

அவர் மேஜையில் சிந்திய டீயையே பார்த்தார்.

"நாற்பத்தெட்டு வருஷத்துல நான் அவகிட்ட கடைசியாப் பேசினது அதுதான்."

கண்டக்டர் துணியோடு வந்து மேஜையைத் துடைத்தார்.

சல்லடை கேட்டாள். "பெருக்கல் குறி போட்ட பழைய சாமான் ஏதாவது இந்த வீட்டுல உண்டா ஐயா?"

"அது நான் போடறது. கெட்டுப்போனதுல ஒரு பெருக்கல் குறி கீறி வெச்சுடுவேன், மறந்து திரும்ப மாட்டிடக் கூடாதுல்ல? தூக்கிப் போடவும் மனசு வராது. எல்லாம் அவளோட தகர டப்பாவுல கிடக்கும்."

"குட்டி ஸ்குரூவை எப்படிப் பிடிப்பீங்க?"

"சோப்புதான்!" ஒரு கணம் அவர் முகம் தெளிந்தது. "ஸ்குரூ டிரைவர் நுனியை ஈர சோப்புல ஒரு குத்து குத்தணும். ஸ்குரூ ஒட்டிக்கும். காந்தமெல்லாம் எதுக்கு?"

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த மகன் வெளிறிப்போனான். அவளைக் கையைப் பிடிக்காத குறையாக வெளியே நடைக்கு அழைத்துப் போனான்.

"பெருக்கல் குறி அப்பாவோடது. சோப்பு அப்பாவோடது. மேடம், அப்பாவா? அவரே... எதுக்கு?"

"டம்ளரைப் பிடிக்க முடியாத கை, அரிசி அளவு ஸ்குரூவை அந்தப் பொந்துக்குள்ள மாட்டுமா?"

அவன் மூச்சு விட்டான். பிறகுதான் அடுத்த கேள்வி அவனுக்கே தோன்றியது. "அப்ப அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்ச இந்த மூணு வருஷமா வண்டி வேலையெல்லாம்..."

சல்லடை பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து விரித்தாள். உருண்டையான சின்ன எழுத்து. 'பாயிண்ட் இடைவெளி சரி செய்தேன். விரலில் வெட்டு. அவர் டார்ச் பிடித்தார், வெளிச்சம் என் முகத்தில்தான் விழுந்தது, திட்டினேன்.'

"இது யார் எழுத்து?"

அந்த வரியை அவன் படித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. "அம்மா" என்றான்.

"அந்தத் தகர டப்பா எங்க இருக்கு?"

அது படுக்கையறை அலமாரியில் இருந்தது. மேல் தட்டில் ஊசிகள், நூல்கண்டுகள், சட்டைப் பொத்தான்கள். கீழ்த் தட்டில் பெருக்கல் குறி போட்ட பழைய பிளக்குகள், ஒரு தேய்ந்த பெல்ட் துண்டு. இரண்டுக்கும் நடுவே ஒரு பஞ்சுப் பொதி. சல்லடை பிரித்தாள். பளபளவென்று ஒரு புதுக் கண்டென்சர்.

"தூக்கிப் போடல" என்றார் கண்டக்டர் தணிந்த குரலில். "குழந்தையைச் சுத்தற மாதிரி சுத்தி வெச்சிருக்காங்க."

"திரும்ப மாட்டணும்னு நினைச்சிருக்காங்க அண்ணே."

அதன் அடியில் மடித்த ஒரு சீட்டு. கண் டாக்டர் எழுதியது. தேதி மூன்று வாரத்துக்கு முன்னால். பெரியவரின் இரண்டு கண்களிலும் ஓரப் பார்வை போய்விட்டது, இனி எக்காரணம் கொண்டும் வண்டி ஓட்டக் கூடாது என்று இரண்டு முறை அடிக்கோடு போட்டிருந்தது.

மகன் கட்டிலில் உட்கார்ந்தான். "அம்மாவா? அம்மாவே வண்டியை நிறுத்தி, அம்மாவே அதுல உக்காந்து..."

"அவங்களுக்கு அவரை நல்லாத் தெரியும். ஒயரை அறுத்திருந்தா அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பார். சாவியை ஒளிச்சிருந்தா வீட்டையே தலைகீழாப் புரட்டியிருப்பார். வண்டி வரும், ஆனா வராதுன்னா மனுஷன் அதோட மல்லுக்கட்டியே ஒரு வாரத்தை ஓட்டிடுவார். அதுக்குத்தான் மஞ்சள் பொறி." சல்லடை சீட்டை மடித்து அவன் கையில் வைத்தாள். "அண்ணே, மெக்கானிக்கைக் கூட்டிக்கிட்டு வாங்க."

மெக்கானிக் கொட்டகைக்குள் வந்தார். மட்கார்டின்மேல் பழைய குப்பியும் பஞ்சில் புதுக் குப்பியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அவர் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"அவங்க உங்ககிட்ட வந்தாங்க, இல்லையா?" என்றாள் சல்லடை.

மெக்கானிக் மகனை ஒரு முறை பார்த்தார்.

"வண்டியை வாங்கிட்டுப் போனதுக்கு மறுநாள் வந்தாங்க. ஐயா ஓரமா வந்த சைக்கிளைப் பாக்கவே இல்ல, ஒரு சாண்ல தப்பிச்சோம், இவரைச் சாகக் கொடுக்கவும் மாட்டேன், யாரையும் சாகடிக்க விடவும் மாட்டேன்னாங்க. நீயே ஏதாவது பண்ணி வண்டியை நிறுத்துன்னாங்க. நான் மாட்டேன்னேன். நான் ஓட வைக்கறவன்மா, நிறுத்தறவன் இல்லன்னேன்." அவர் பழைய குப்பியைப் பார்த்தார். "சரி, நானே பாத்துக்கறேன், எதை மாத்தினா இவருக்குச் சட்டுனு புரியாதுன்னு கேட்டாங்க. நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சொல்லிட்டேன். கண்டென்சர்னு நான்தான் சொன்னேன்."

"ஏன் இதை முதல்லயே சொல்லல?" என்றான் மகன். அது கேள்வியாக வரவில்லை, கெஞ்சலாக வந்தது.

"எப்படிச் சொல்றது தம்பி? உங்கம்மா தன்னைத் தானே... அதைக் கேட்டா ஐயா தாங்குவாரா? புகார்தானே, எழுதிக்கட்டும்னு இருந்துட்டேன். இந்த வாரம் மட்டும்தான்னு சொன்னாங்க. வெள்ளிக்கிழமை மகன் வரான், அவன் சொன்னா கேப்பார், அதுக்கப்புறம் பழையபடி மாட்டிடறேன்னாங்க."

மகன் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டான். "அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமையே வரேன்னு சொல்லியிருந்தேன்" என்றான். "வேலை இருக்கு, அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு நான்தான் தள்ளிப்போட்டேன்."

சட்டைப் பையில் நான்காக மடித்து வைத்திருந்த புகாரை மகன் வெளியே எடுத்துக் கிழித்தான். கிழித்த துண்டுகளை எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டான். "அப்பாவுக்கு இது தெரிய வேண்டாம் மேடம்."

"நான் சொல்லமாட்டேன்" என்றாள் சல்லடை.

அங்கேயே அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எதையும் கடைசி வரைக்கும் சலித்துப் பார்த்தே பழகிவிட்டவள். இந்தக் குப்பிதான் காரணம் என்று கண்ணால் பார்க்காமல் அவளுக்கு ஒரு கேஸ் முடியாது. "ஒரு தடவை மாட்டிப் பாத்துடலாம்" என்றாள்.

மெக்கானிக் பாயிண்ட்டைத் துடைத்து, காந்த ஸ்குரூ டிரைவரால் புதுக் கண்டென்சரைப் பொருத்தினார். சல்லடை பிளக்கைப் பிடிக்க, கண்டக்டர் செல்ப் அடித்தார். டிக், டிக், டிக். நீலப் பொறி தெறித்தது. பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டு மறுபடி ஒரே ஒரு தட்டு. கார் உடனே பிடித்துக்கொண்டது. தகரக் கூரை அதிர்ந்தது. பத்து நாளுக்கு மேலாக ஊமையாகக் கிடந்த வண்டி ஒரு தடங்கலும் இல்லாமல் சீராக ஓடியது.

அப்போதுதான் சல்லடைக்கு உறைத்தது. கண்தான் கெட்டுவிட்டது. பெரியவருக்குக் காது நன்றாகவே கேட்கும்.

"அண்ணே, நிறுத்துங்க! சீக்கிரம்!"

அவர் அதற்குள் வாசலில் நின்றார். சமையலறையிலிருந்து வெறுங்காலோடு வந்திருந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்து, மருந்துக் கடைக்காரர் சீட்டைப் படிப்பதுபோல் கவனமாக அந்தச் சத்தத்தைக் கேட்டார். கண்டக்டர் கையைச் சாவியிலிருந்து எடுத்துக்கொண்டு, இருக்கையிலிருந்து மெல்ல இறங்கினார்.

பெரியவர் மட்கார்டின் அருகே வந்தார். அங்கே பஞ்சு கிடந்தது. பக்கத்தில் பழைய குப்பி. அதை எடுத்துக் கண்ணுக்கு மிக அருகே கொண்டுபோனார். நடுங்கும் கட்டைவிரலால் பெருக்கல் குறியைத் தடவினார். பிறகு பஞ்சை எடுத்தார். அதைப் பார்க்கவில்லை, முகர்ந்தார். தகர டப்பாவின் வாசனை அதில் இருந்திருக்கும்.

"அப்பா..." என்றான் மகன்.

பெரியவர் ஜன்னல் வழியே கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். இன்ஜின் அடங்கியது. சாவியை உருவினார். ஒரு கையால் எட்டி மெக்கானிக்கின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, கறை படிந்த அந்த உள்ளங்கையில் சாவியை வைத்தார். மெக்கானிக்கின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். தன் நடுக்கம் அடங்கும்வரை அந்தக் கையை மூடிப் பிடித்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் குலுங்கி அழுதார்.

பழைய குப்பியைச் சட்டைப் பையில் போடப் பார்த்தார். கை இரண்டு முறை தவறியது. மகன் உதவ முன்னால் வந்தான். அதற்குள் மூன்றாவது முறை உள்ளே விழுந்துவிட்டது.

அவர் திரும்பினார். கொட்டகையின் கதவுச் சட்டத்தைத் தொட்டார். அங்கிருந்து வீட்டுச் சுவர். இத்தனை நாள் மறைத்து வைத்திருந்த பார்வைக் குறையை இனி மறைக்க வேண்டியதில்லை என்பதுபோல், ஒரு கையைச் சுவரோடு ஒட்டி வைத்து, அடுத்த அடி எங்கே என்று தடவித் தடவி, வீட்டுக்குள் நடந்து போனார்.